மரத்தளம் வாங்குகிறவர்கள் பலகையின் வெட்டுமுனையைப் பாருங்கள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் வீடு கட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. ஜனவரிக் குளிரில் டைல்ஸில் கால் வைக்க முடியாமல் தவிப்பார். அவருடைய அறைக்கும் ஹோலுக்கும் மரத்தளம் போட நினைத்தோம். நான் ஆசைப்பட்டது முழுத் தேக்குப் பலகை. தச்சு பாஸ் வேண்டாம் என்றார். பழைய துரை பங்களாக்களில் பலகைத் தளத்துக்குக் கீழே வெற்றிடம் விட்டு, காற்றுப் போகச் சுவரில் துளையும் வைத்திருப்பார்கள். நம் வீடுகளில் நேராகக் கொங்கிரீட்டின் மேல் போட்டால், மழைக்கு ஈரம் குடித்து ஓரம் தூக்கும், வெயிலுக்குக் காய்ந்து இடைவெளி விடும். "எஞ்சினியர்ட் வுட் போடுங்க அக்கா" என்றார். அதில் மேலே சில மில்லிமீற்றர்தான் அசல் மரம். கீழே ஒட்டுப்பலகை அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் அவ்வளவாக விரியாது, சுருங்காது.

அவர் சொன்னது சரி. கடைக்காரர்தான் ஏமாற்றினார். கையில் தந்த சாம்பிள் அசல் சரக்கு, பக்கவாட்டில் அடுக்குகள் தெளிவாகத் தெரிந்தன. பெப்ரவரியில் லொறியில் வந்து இறங்கியதோ வேறு. கடை ஆட்களே வந்து ஒரே நாளில் பொருத்திவிட்டுப் போனார்கள். நான் வேலையில் இருந்தேன், பாஸும் ஊரில் இல்லை.

மே மாதம் மழை பிடித்தது. ஜூனில் மூட்டுகள் எல்லாம் வீங்கி நின்றன, அம்மா இரண்டு முறை தடுக்கினார். பாஸ் ஒரு பலகையைக் கழற்றி முனையைக் காட்டினார். மரத்தூளை அழுத்திச் செய்த அட்டை, அதன் மேல் மரம் மாதிரி அச்சடித்த தாள். லெமினேட்! இழைத்துத் திருத்தவும் முடியாது. கவனித்துப் பார்த்தால் ஒரே கணு நாலைந்து பலகைகளில் அப்படியே திரும்பத் திரும்ப வருகிறது. அடியில் பொலித்தீனும் விரிக்கவில்லை.

கடைக்குப் போனால் பில்லைக் காட்டச் சொன்னார்கள். அதில் "வுட் ஃப்ளோரிங்" என்று மட்டும்தான் இருந்தது. "அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறோம்" என்று அப்புறமும் இழுத்தார்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் பேசலாம். ஆனால் பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்து முறைப்பாட்டைக் கொடுக்க வேண்டும். எனக்கு அது எப்போதோ கடந்துவிட்டது.

நீங்கள் வாங்கும்போது சாம்பிள் துண்டில் கடைக்காரரின் கையெழுத்து வாங்கி வீட்டில் வையுங்கள். பில்லில் எஞ்சினியர்ட் என்றும், மேல் மரத்தின் பெயரும் தடிப்பும் எழுதச் சொல்லுங்கள். லொறி வந்ததும் ஒரு பெட்டியைப் பிரித்து முனையோடு முனை வைத்துப் பாருங்கள், அதுவரை மீதிப் பணம் கொடுக்க வேண்டாம். புதுக் கொங்கிரீட் என்றால் ஒரு சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர் கோத்திருந்தால் தளம் இன்னும் காயவில்லை.

அம்மாவின் அறையில் இப்போது பாய் விரித்திருக்கிறோம். போன வாரம் அந்தக் கடையைத் தாண்டி வந்தேன். அதே நல்ல சாம்பிள் கண்ணாடிக்குப் பின்னால் இன்னும் இருக்கிறது.