கைமாறி வந்த ஜிப்ஸி: எதைக் கழற்றுவது, எதைத் திருத்துவது, எதை அப்படியே விடுவது

மாருதி ஜிப்ஸி 1985-ல் வந்தது. 2000-ல் 1.3 லிட்டர் 16 வால்வு எம்பிஎஃப்ஐ (மின்னணு முறையில் எரிபொருளைப் பீய்ச்சும்) எஞ்சினோடு 80 குதிரைத்திறனுக்கு ஏறியது. 2019-ஓடு பொதுவிற்பனை நின்றுபோனது. இன்று விலைக்கு வருகிற வண்டிகளில் பல, யாரோ உயரம் ஏற்றி, பெரிய டயர் போட்டு, மேலே விளக்குப் பட்டை மாட்டி, பிறகு நெடுஞ்சாலையில் ஓட்டப் பயந்து விற்றவை. இப்படி வந்த வண்டிகளைச் சீர் செய்து பல மழைக்காலம் மலைச்சாலையிலும் எஸ்டேட் மண்பாதையிலும் ஓட்டியதில் தெளிவானது ஒன்று உண்டு. உயரமும் டயரும் வண்டியைக் கெடுப்பதில்லை. அவற்றோடு சேர்த்துச் செய்திருக்க வேண்டிய நாலு வேலையைச் செய்யாமல் விட்டதுதான் கெடுக்கிறது. அதனால் எல்லாவற்றையும் பிடுங்கிப்போட்டு கம்பெனி நிலைக்குத் திரும்ப வேண்டிய அவசியம் எப்போதும் இல்லை. ஸ்டியரிங்கும் பிரேக்கும் மட்டும் முதலில் கம்பெனி நிலைக்கு வந்தாக வேண்டும். உயரத்தைப் பற்றி முடிவெடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

பணம் கொடுப்பதற்கு முன் இரண்டே விஷயம் பார்க்க வேண்டும்: சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), ஆர்.சி. எனும் பதிவுப் புத்தகம். சேசிஸில் முதலில் பார்க்க வேண்டிய இடம் ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட் ஆகும் பகுதி. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஒருவரை உள்ளே உட்கார வைத்து, வண்டி நின்றபடியே ஸ்டியரிங்கை இடமும் வலமும் வெட்டச் சொல்லுங்கள். விரிசல் இருந்தால், டார்ச் அடித்துப் பார்க்கும்போது போல்ட் ஓட்டையிலிருந்து முடி கனத்தில் ஒரு செம்பழுப்புக் கோடு ஓடும். ஸ்டியரிங் திரும்பும்போது அது லேசாகத் திறந்து மூடும். பெரிய டயர் போட்ட ஜிப்ஸியில் இந்த விரிசல் சாதாரணமாக வருகிற ஒன்று. சீர் செய்ய முடியும்: விரிசல் முடிகிற இடத்தில் 3 மி.மீ. ஓட்டை போட்டு, கோட்டை வி வடிவில் அரைத்து வெல்ட் வைத்து, மேலே 4 மி.மீ. தகடு போட வேண்டும். தகட்டின் ஓரம் சேசிஸுக்குக் குறுக்கே நேர்கோடாக வந்தால் அடுத்த விரிசல் அந்த ஓரத்திலேயே பிறக்கும். அதனால் முனைகளைச் சாய்வாக வெட்டிக்கொள்ளுங்கள். விரிசல் மேல் வெறுமனே வெல்ட் பூசி கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் அதை அரைத்தெடுத்துவிட்டு முதலிலிருந்து செய்ய வேண்டும். பின் ஷேக்கிள் (லீஃப் ஸ்பிரிங் பட்டையின் முனையைச் சேசிஸோடு சேர்க்கும் அசையும் இணைப்பு) மாட்டும் இடத்தையும் கடைசிக் குறுக்குச் சட்டத்தையும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்காமல் மொத்தென்று கேட்டால் உள்ளே துரு தின்றிருக்கிறது. சட்டத்தை வெட்டி நீட்டிய வண்டி, வேறு சட்டத்தோடு ஒட்டிய வண்டி என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

ஆர்.சி.யில் எஞ்சின் எண், எரிபொருள், நிறம், இருக்கை எண்ணிக்கை எல்லாம் வண்டியோடு பொருந்த வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. டீசல் எஞ்சின் மாற்றி, ஆர்.சி.யில் இன்னும் பெட்ரோல் என்றே இருக்கும் வண்டிகள் நிறைய அலைகின்றன. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கையை விரிக்க அது ஒன்று போதும். 15 வருடம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கும்போது ஆய்வு உண்டு. 2022 ஏப்ரலிலிருந்து காருக்குப் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய் ஆனது. முன்னால் நிற்கும் கனத்த இரும்பு பம்பர் அந்த ஆய்விலேயே முதலில் மாட்டும். அதைக் கழற்றுவதால் முன் அச்சின் மேல் சுமையும் குறையும், ரேடியேட்டருக்குக் காற்றும் கிடைக்கும். யோசிக்காமல் கழற்றலாம்.

உயரம் எப்படி ஏற்றியிருக்கிறார்கள் என்பதை வண்டிக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். செலவு குறைவு என்று அதிகம் பேர் செய்வது நீள ஷேக்கிள். அச்சு பட்டையின் நடுவில் இருப்பதால் ஷேக்கிள் 2 அங்குலம் நீண்டால் வண்டி ஏறுவது 1 அங்குலம்தான். ஜிப்ஸியில் முன் ஷேக்கிள் பட்டையின் முன்முனையில் இருக்கிறது. அது நீளும்போது அச்சு முன்பக்கமாகக் கவிழும். கேஸ்டர் கோணம் (சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சுக்கோடு பின்னால் சாய்ந்திருக்கும் அளவு) 3 டிகிரி அளவுக்குக் குறையும். கம்பெனி கொடுத்த கேஸ்டரே ஏறத்தாழ மூன்றரை டிகிரிதான். அப்புறம் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது, 70-ஐத் தாண்டினால் வண்டி சாலையில் மேயும். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துக் கேஸ்டரை மீட்கலாம், ஆனால் டிஃபரன்ஷியலின் மூக்கு கீழே சாய்ந்து முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கெடும். ஒன்றைப் பிடித்தால் மற்றொன்று நழுவுகிற வேலை இது. நீள ஷேக்கிளைக் கழற்றிப் பழைய அளவுக்கே போவதுதான் எங்கள் முடிவு. இதுவரை அதில் மாற்றம் இல்லை.

பின் அச்சில் இரும்புக் கட்டை வைத்து ஏற்றியிருந்தால் எடுத்துவிடுங்கள். முன் அச்சில் கட்டை வைத்திருந்தால் அந்த வண்டியை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டே வர வேண்டாம், ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

அச்சுக்கு மேலே பட்டையை மாற்றி வைக்கும் முறை தனி ரகம். ஒரே அடியில் 5 அங்குலம் போல ஏறும், பட்டையும் மென்மையாக வேலை செய்யும், பாறைப் பாதைக்கு நன்றாகவே இருக்கும். கூடவே செய்ய வேண்டியது மூன்று: டிராக் லிங்க் (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு) சாய்ந்து போகாதபடி ஸ்டியரிங் இணைப்பை மேலேற்றுவது, பட்டை எஸ் வடிவில் முறுக்காமல் இருக்கப் பின் அச்சுக்கு ஒரு தாங்கு கம்பி, நீளமான பிரேக் ஹோஸ். முதல் இரண்டும் இல்லாத வண்டிகளையே அதிகம் காண்கிறோம். அதன் விளைவு ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டியரிங் தானாக வெட்டுவதும், ஏற்றத்தில் கிளட்ச் விட்டதும் ‘டக்’கென்று யூஜே கிராஸ் (புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் மூட்டு) போவதும். அச்சின் வெளிக்கூடான ஹவுசிங்கில் புதுத் தாங்கிகளை வெல்ட் வைத்தபோது சூட்டில் குழாய் வளைந்திருக்கவும் கூடும். உள் ஆக்சில் சீல் மாற்ற மாற்ற ஒழுகினால் சந்தேகப்பட வேண்டியது அந்த வளைவைத்தான். அன்றாடம் சாலையிலும் ஓட்டுகிறவருக்கு இந்த அமைப்பைத் திருத்துவதைவிட நல்ல பழைய ஹவுசிங் ஒன்று வாங்கிக் கீழேயே பட்டையை வைப்பது மலிவு.

இனி ஆட்டம். 60-70 வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்ததும் முன்சக்கரம் இரண்டும் படபடவென்று அடித்து, நிறுத்தினால் ஒழிய நிற்காமல் ஆடும். இதற்கு ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங்கின் அதிர்வை அடக்கும் ஷாக்) மாட்டி விற்கிறார்கள். டேம்பர் நோயை மறைக்கும், போக்காது. அதைக் கழற்றிவிட்டுத்தான் சோதனையைத் தொடங்க வேண்டும். வரிசை இது: டயர் பாலன்ஸ், வீல் பேரிங், டை ராட் (இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் தண்டு) எண்டுகள், பட்டைப் புஷ், கடைசியாகக் கிங் பின் (முன்சக்கரம் இடம் வலம் திரும்பும் முளை) பேரிங். முன்சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். கிங் பின்னில் கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இல்லாமலேயே இறுக்கம் குறைந்திருக்கும். டை ராடையும் நக்கிள் (முன்சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பகுதி) சீலையும் கழற்றி, டை ராட் மாட்டும் ஓட்டையில் ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு இழுத்தால், நக்கிள் அசையத் தொடங்க 1 முதல் 1.8 கிலோ வேண்டும். குறைவாக இருந்தால் ஷிம் (மெல்லிய இடைத்தகடு) ஒன்றை எடுக்க வேண்டும். பேரிங் குழி விழுந்திருந்தால் நாலு பேரிங்கும் புதிது. டோ-இன் (முன்சக்கரங்களின் முன்னோரம் உள்பக்கம் ஒடுங்கும் அளவு) 2 முதல் 6 மி.மீ.க்குள் வையுங்கள். இவ்வளவும் செய்த வண்டியில் டேம்பர் இல்லாமலேயே ஆட்டம் திரும்ப வந்ததில்லை.

முன்சக்கர நக்கிளின் உருண்டையில் கிரீஸோடு கியர் ஆயில் கலந்து ஒழுகினால் வெளி சீலை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஹவுசிங் முனையில் உள்ள ஆக்சில் சீல் போயிருக்கிறது, டிஃபரன்ஷியல் ஆயில் கிரீஸைக் கரைத்துக்கொண்டு வருகிறது. நக்கிள் பிரிக்கிற அன்றே இதையும் மாற்றிவிட்டால் கூலி ஒரு தடவைதான்.

டயர் விஷயத்தில் கணக்கைப் பார்த்தால் முடிவு தானே வரும். கம்பெனி அளவு 205/70 ஆர்15, விட்டம் 668 மி.மீ. 235/75 ஆர்15 என்றால் 733. 31 அங்குல டயர் என்றால் 787. டிஃபரன்ஷியலுக்கு அடியில் கிடைக்கும் இடைவெளி டயரால் மட்டுமே கூடும், வண்டியை உயரம் ஏற்றுவதால் அல்ல; 235-ல் 33 மி.மீ., 31-ல் 60 மி.மீ. ஆனால் 31-ல் கியர் விகிதம் 18 விழுக்காடு நீண்டுவிடும். 1.3 லிட்டர் எஞ்சின் மலை ஏற்றத்தில் மூன்றாவது கியரை ஏற்காது, கிளட்ச் கருகும், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 70-ல் போகும். டிஃபரன்ஷியல் விகிதத்தை மாற்றாமல் 31 போடக்கூடாது. 235/75-க்கு 6 அல்லது 6.5 அங்குல ரிம் போதும். 8 அங்குல ரிம் டயரை வெளியே தள்ளி, கிங் பின் மேலும் பேரிங் மேலும் நெம்புகோல் போடுகிறது. சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசர் இருந்தால் அன்றே கழற்றுங்கள். எடை குறைந்த வண்டி என்பதால் இந்த டயருக்குச் சாலையில் 22–24 பிஎஸ்ஐ காற்று போதும். பங்க்சர் கடையில் 35 அடித்துவிடுவார்கள். பிறகு சஸ்பென்ஷனைத் திட்டிப் பயனில்லை.

பிரேக் ஹோஸைச் சோதிக்க, வண்டியைச் சேசிஸில் ஜாக் கொடுத்துத் தூக்கிச் சக்கரத்தை முழுதும் தொங்கவிட்டு, முன்சக்கரத்தை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். ஹோஸ் விறைத்து நின்றால் நீளம் போதாது. உலோகக் குழாயை வளைத்து இறக்கி ஒப்பேற்றியிருந்தால் அந்த வளைவில்தான் வெடிப்பு வரும்.

மின்வேலையில் கைவைத்தால் முழுதாகக் கைவைக்க வேண்டும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒன்றைக் கண்டால் இன்னும் பத்து இருக்கிறது என்று கொள்ளுங்கள். 180 வாட் விளக்குக்கு 15 ஆம்பியர் ஓடும். அதைக் கம்பெனி ஸ்விட்ச் வழியாக விட்டால் ஸ்விட்ச் உருகும். தனி ரிலே, 4 சதுர மி.மீ. வயர், 20 ஆம்பியர் ஃபியூஸ். அந்த ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். தொலைவில் வைத்தால் நடுவே வயர் உரசித் தீப்பிடிப்பதை அது தடுக்காது.

ஸ்நார்க்கல் (எஞ்சினுக்குக் காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் குழாய்) இருந்தால் ஒரு சோதனை: ஐடிலில் ஓடும்போது அதன் வாயை உள்ளங்கையால் இறுக மூடுங்கள். எஞ்சின் திணறி அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் வேறெங்கோ காற்று இழுக்கிறது, அதே வழியில் தண்ணீரும் வரும். அணைந்தாலும், அச்சுகளின் பிரீதர் (காற்றுப்போக்கு) குழாயை மேலே ஏற்றாமல் ஸ்நார்க்கலை நம்பித் தண்ணீரில் இறங்க வேண்டாம். சூடான ஹவுசிங் குளிர்ந்த ஓடையில் இறங்கியதும் உள்ளே வெற்றிடம் உண்டாகிச் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். டிரெயின் பிளக்கைக் கழற்றும்போது ஆயில் பால்காபி நிறத்தில் வந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

ரோல் கேஜ் (வண்டி கவிழ்ந்தால் காக்கும் குழாய்க்கூண்டு) தரைத் தகட்டோடு மட்டும் போல்ட் ஆகியிருந்தால் அது அலங்காரம், பாதுகாப்பில்லை. சட்டத்தோடு இணைக்க முடியாவிட்டால் கழற்றிவிடுவதே நல்லது. தலை மோதும் இடத்தில் வெறும் இரும்புக் குழாய் இருப்பது ஆபத்து.

இத்தனைக்கும் பிறகு உயரம் வேண்டும் என்றால், ஷேக்கிளைத் தொடாமல், 2 அங்குலம் கூடுதல் வளைவுள்ள நல்ல பட்டைக் கட்டு, அதற்கேற்ற நீளமுள்ள ஷாக், 235/75 டயர். இந்த அமைப்பு வருடக்கணக்கில் சலிக்காமல் ஓடுகிறது. ஏற்றாத ஜிப்ஸியை விடச் சவாரி மென்மையாகவும் இருக்கிறது, ஏனென்றால் கம்பெனிப் பட்டையே விறைப்பானது. புதுப் பட்டை போட்டதும் யு போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் நிற்கும்போது இறுக்க வேண்டும், 500 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும். இந்த இரண்டாவது இறுக்கத்தை விட்டால் சென்டர் போல்ட் அறுந்து அச்சு பின்னால் நகரும். வண்டி நேரே போகும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது அதன் முதல் அடையாளம்.