தனி ஆளுக்கு வாஃபிள்: பெரிய மிஷினா, சின்ன மிஷினா?

தனியாக இருப்பவர் காலையில் வாஃபிள் சுட்டுச் சாப்பிட ஆசைப்பட்டால் நான்கு வழிகள் இருக்கின்றன. ஏழு அங்குலப் பெரிய பெல்ஜியன் மிஷின், உள்ளங்கை அகலத்துக்கு வரும் நான்கு அங்குலச் சின்ன மிஷின், தட்டு மாற்றிப் போடும் சாண்ட்விச் மேக்கர், கேஸ் அடுப்பில் வைத்துத் திருப்பிப் போடும் வார்ப்பு அச்சு. இது போக, ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் சுட்டு ஃப்ரீசரில் அடுக்கிவிட்டு, வாரம் முழுக்க ஒவ்வொன்றாக எடுத்துச் சூடுபண்ணிக்கொள்பவர்களும் உண்டு. நண்பர்களோடு ஒரே வீட்டில் இருந்த காலத்தில் எங்களிடம் பெரிய மிஷின் இருந்தது. இப்போது தனியாக இருக்கிறேன், சின்னதைத்தான் வாங்கினேன். ஆகவே இந்த அலசல் அதன் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

விலையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சின்னது மலிவு, பெரியது அதைவிடப் பல மடங்கு, மற்றவை நடுவில். கரண்டும் அப்படித்தான். சின்ன மிஷின் சுமார் 350 வாட்ஸ். கால் மணி நேரம் ஓடினாலும் பத்தில் ஒரு யூனிட் வராது. பெரியது ஆயிரம் வாட்ஸ் பக்கம் இழுத்தாலும் ஒரு காலைக்குக் கால் யூனிட்டுக்குள் முடிந்துவிடும். பில்லைப் பார்த்து முடிவெடுக்கும் விஷயம் இல்லை இது. ஒன்று மட்டும் உண்டு: கரண்ட் போன நேரத்தில் சின்னதை வீட்டு இன்வர்ட்டரில் ஓட்டிவிடலாம். பெரியதைச் சொருகினால் பல வீடுகளில் இன்வர்ட்டர் கத்த ஆரம்பித்துவிடும்.

ருசியில் பெரியதுக்குத்தான் என் ஓட்டு, மறைப்பதற்கில்லை. அதன் குழிகள் ஆழமானவை. பிரஸ்ஸல்ஸ் பாணி வாஃபிளுக்கே அழகு அதுதான். ஈஸ்ட் போட்டோ, முட்டை வெள்ளையை நுரைக்க அடித்துச் சேர்த்தோ மாவைப் பஞ்சு போல ஆக்கி, ஆழமான தட்டில் ஊற்றினால் மேலே மொறுமொறு, உள்ளே காற்று. 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஸ்ட்ராபெரியும் கிரீமும் வைத்து விற்று, அமெரிக்காவையே அதன் பின்னால் ஓட வைத்த வாஃபிள் அந்த ரகம். சின்ன மிஷினின் குழியில் தேன் ஒரு சொட்டு நிற்கும், இரண்டாவது வழிந்துவிடும். வாஃபிளும் கொஞ்சம் தட்டையாகத்தான் வரும். அந்தத் தடிமனான, ஆழமான குழி உள்ள வாஃபிள்தான் வேண்டும் என்பவருக்குச் சின்னதைப் பரிந்துரைக்க என்னால் முடியாது.

நேரத்திலும் பெரியது பின்தங்கவில்லை. நான்கு அங்குல வட்டத்தைவிட ஏழு அங்குல வட்டம் பரப்பில் மூன்று மடங்கு. ஒரு ஆள் வயிற்றுக்கான மாவு பெரியதில் ஒரே ஈடு, சின்னதில் மூன்று ஈடு. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடம் வைத்தால் பன்னிரண்டு நிமிடம் ஆகிவிடும். முதல் வாஃபிளைத் தின்றுகொண்டே அடுத்ததைச் சுடுவதால் எனக்கு அது உறுத்தவில்லை. தோசை சாப்பிடுவதும் அப்படித்தானே?

சரி, ருசியிலும் நேரத்திலும் பெரியது முன்னால் நிற்கும்போது ஏன் சின்னது? கழுவுவதுதான் காரணம்.

நான்கு பேருக்குச் சுட்டால் மிஷின் துடைக்கும் வேலை நான்காகப் பங்கு பிரியும். ஒருவருக்குச் சுட்டால் அத்தனையும் அந்த ஒரு வாஃபிளின் தலையில். ஒன்று சுட்டாலும் எட்டு சுட்டாலும் அழுக்காவது அதே குழிகள்தான். அதனால் தனி ஆளுக்கு "எவ்வளவு நன்றாகச் சுடும்" என்பதைவிட "சுட்ட பிறகு எவ்வளவு வேலை வைக்கும்" என்பது பெரிய கேள்வி. ஒன்பது மணிக்குள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியவர் மிஷினை ஈரத்துணியோடு பார்த்துப் பெருமூச்சு விட ஆரம்பித்தால், அடுத்த வாரமே அது பரணுக்குப் போய்விடும். பெரிய வாஃபிள் மிஷின்கள் பல வீடுகளில் அங்கேதான் இருக்கின்றன.

தட்டு கழற்ற முடியாத மிஷினை சிங்க்கில் போட முடியாது. ஒயரும் ஹீட்டரும் உள்ளே இருக்கின்றன, தண்ணீர் போகக் கூடாது. துடைக்க மட்டும்தான் முடியும். பெரிய தட்டின் ஆழமான குழியில் விரல் இறங்காது. துணியைச் சுருட்டிக் குச்சியால் குத்தித்தான் ஒவ்வொரு மூலையையும் எடுக்க வேண்டும். மாவு ஒரு கரண்டி கூடிவிட்டால் ஓரத்தில் வழிந்து, பின்பக்கக் கீலுக்குள் இறங்கி, அங்கேயே வெந்து கருகி உட்கார்ந்துவிடும். அதை நோண்டி எடுக்கிற வரை ஒவ்வொரு முறை சூடாகும்போதும் தீய்ந்த வாடை வரும்.

சின்னதிலும் வழியும், ஆனால் வழிவதற்கு இடம் குறைவு. குழி ஆழம் இல்லாததால் விரல் நுனியே அடியைத் தொட்டுவிடும். நான் செய்வது இவ்வளவுதான்: கடைசி வாஃபிளை எடுத்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். சாப்பிட்டு முடித்து வரும்போது தட்டு கை பொறுக்கும் சூட்டில் இருக்கும். நனைத்து நன்றாகப் பிழிந்த பருத்தித் துணியை உள்ளே மடித்து வைத்து, மூடியை ஒரு நிமிடம் மூடி வைப்பேன். அந்த வெதுவெதுப்பில் ஒட்டியிருக்கும் மாவு இளகிவிடும். திறந்து ஒரு இழுப்பு, பிறகு காய்ந்த துணியால் ஒரு இழுப்பு. கீல் பக்கம் மட்டும் பழைய டூத்பிரஷ். முழுக்க ஆறிய பிறகு துடைத்தால் இதே வேலை மூன்று மடங்கு ஆகும்.

துடைக்கும் வேலை கூடுவதும் குறைவதும் நாம் போடும் பொருளைப் பொறுத்தது. ஸ்ப்ரே டப்பாவில் வரும் எண்ணெயை நான்ஸ்டிக் தட்டில் அடிக்காமல் இருப்பது நல்லது. அவற்றில் பெரும்பாலும் லெசித்தின் என்ற கொழுப்புப் பொருள் கலந்திருக்கும். அது சூட்டில் பழுப்புப் பிசினாக இறுகி, சோப்புக்கும் அசையாது. ஒட்டாமல் இருக்க அடித்ததே நாளடைவில் வாஃபிளை ஒட்ட வைக்கும். சாதா எண்ணெயை சிலிகான் பிரஷ்ஷால் லேசாகத் தடவினால் போதும். வெண்ணெயில் இருக்கும் பால் திடப்பொருள் கருகிக் கரும்புள்ளியாகத் தங்கும். நெய்யில் அது வடிக்கப்பட்டிருப்பதால் அந்தத் தொல்லை இல்லை, வாசனையும் தூக்கலாக இருக்கும். சர்க்கரையை மாவில் குறைத்து, இனிப்பை மேலே ஊற்றிக்கொள்வது நல்லது. சர்க்கரை தட்டில் உருகிப் பாகாகிவிட்டால் அதைச் சுரண்டுவது தண்டனை. முத்து முத்தான கட்டிச் சர்க்கரை போட்டுச் செய்யும், பெல்ஜியத்தின் இன்னொரு ரகமான லியேஜ் வாஃபிளில் அந்தப் பாகுதான் ருசியே. அதைக் கடையில் வாங்கிச் சாப்பிடுவதுதான் தனி ஆளுக்கு மரியாதை.

தட்டைக் கழற்றிக் கழுவலாம் என்கிற மிஷின்கள் இந்தப் பிரச்சினையைத் தீர்க்கின்றனவே என்று கேட்கலாம். பாதி தீர்க்கின்றன. சாண்ட்விச், கிரில், வாஃபிள் மூன்றுக்கும் தட்டு மாற்றும் சாண்ட்விச் மேக்கரை அக்கா வீட்டில் அவ்வப்போது பயன்படுத்தியிருக்கிறேன். தட்டை சிங்க்கில் போட்டுத் தேய்க்கலாம் என்பது நிம்மதிதான். ஆனால் கழற்றி, கழுவி, கிளிப் ஓரத்தில் தேங்கும் தண்ணீரை உதறிக் காயவைத்து, மறுபடி மாட்டி... மொத்தத்தில் நேரம் குறைந்ததாகத் தெரியவில்லை. வேறு தட்டுகளையும் எங்காவது பத்திரப்படுத்த வேண்டும். சாண்ட்விச்சும் கிரில்லும் அடிக்கடி செய்பவராக இருந்தால் தாராளமாக அதை வாங்கலாம், வாஃபிள் கூடுதல் லாபம். வாஃபிளுக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

அடுப்பில் வைக்கும் வார்ப்பு அச்சுதான் இவற்றுக்கெல்லாம் மூத்தது. கார்னீலியஸ் ஸ்வார்ட்வவுட் என்பவர் 1869-இல் அமெரிக்காவில் அடுப்பு மேல் வைத்துத் திருப்பும் அச்சுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றும் அமைப்பு பெரிதாக மாறவில்லை. நம் வீடுகளில் கேஸில் காட்டும் கைப்பிடி சாண்ட்விச் டோஸ்டரைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. ஒயர் இல்லை, அப்படியே கழுவலாம் என்பதால் என் அளவுகோலில் இது ஜெயித்திருக்க வேண்டும். ஒரு நண்பர் வீட்டில் சுட்டுப் பார்த்த அனுபவம்தான் எனக்கு, அதனால் உறுதியாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பார்த்த வரையில், தீயின் அளவு கைக்குப் பழகும்வரை நடு கருகுகிறது, ஓரம் வெளிறுகிறது. பக்கத்திலேயே நிற்கவும் வேண்டும். அலுமினிய அச்சு இண்டக்‌ஷன் அடுப்பில் வேலை செய்யாது, அதையும் வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். இரும்பு அச்சு என்றால் தோசைக்கல் போலவே எண்ணெய் காட்டிப் பழக்க வேண்டும்.

ஃப்ரீசர் வழிக்கு நான் எதிரி இல்லை. வாஃபிளை நன்றாக ஆறவைத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் உறைய வைத்து, பிறகு பையில் கட்டிப் போட்டால், காலையில் பிரெட் டோஸ்டரில் நேராகப் போட்டு எடுக்கலாம். மொறுமொறுப்பும் பெரும்பாலும் திரும்பி வரும். மைக்ரோவேவில் வைத்தால் மட்டும் ரப்பர். கழுவும் வேலை வாரத்துக்கு ஒரு முறைதான் என்பதால் கணக்கில் இதுவே முதலிடம். ஆனால் என்னுடையது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். பனி கட்டிக் குறுகிப்போன அந்த ஃப்ரீசரில் பட்டாணிப் பாக்கெட்டுக்கே இடம் தேட வேண்டியிருக்கிறது. இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜும் டோஸ்டரும் வீட்டில் இருந்தால் பெரிய மிஷின் வாங்கி இந்த வழியில் போவது புத்திசாலித்தனம்.

இனி மாவு. பெரும்பாலான செய்முறைகள் இரண்டு கப் மாவு, இரண்டு முட்டை என்று குடும்பத்துக்கு எழுதப்பட்டவை. அதை நான்கில் ஒரு பங்காக்கினால் அரை முட்டை என்று வந்து நிற்கும். மீதி அரை முட்டையை யார் பார்த்துக்கொள்வது? முட்டையை முழுதாக வைத்துக்கொண்டு மற்றதை அதற்கேற்ப அமைப்பதே சுலபம். ஒரு முட்டைக்கு மைதா ஐந்து மேசைக்கரண்டி, தலை தட்டி. சுமார் 40 கிராம் வரும். அதில் ஒரு கரண்டியை எடுத்துவிட்டுக் கார்ன்ஃப்ளார் போட்டால் மொறுமொறுப்பு கூடும். பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, பால் 50 மில்லி, உருக்கிய நெய்யோ எண்ணெயோ ஒரு மேசைக்கரண்டி. கட்டி தட்டாமல் அடித்தே தீருவேன் என்று கலக்கிக்கொண்டே இருந்தால் வாஃபிள் சவசவ என்று ஆகும். அங்கங்கே சின்னக் கட்டி இருக்கும்போதே நிறுத்திவிடலாம். சின்ன மிஷினில் மூன்று வாஃபிள் வரும், ஒரு ஆளுக்குச் சரியாக இருக்கும்.

ஒவ்வொன்றுக்கும் மூன்று மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக நடுவில் ஊற்றினால் போதும், மூடி அழுத்தும்போது தானே பரவும். பல சின்ன மிஷின்களில் விளக்கு அணைவது தட்டு சூடாகிவிட்டதற்கான அடையாளம். வாஃபிள் வெந்ததற்கு அல்ல. வேகும்போது ஓரத்தில் ஆவி புசுபுசு என்று வரும். அது அடங்கும்வரை மூடியைத் தொடக் கூடாது. அவசரப்பட்டால் வாஃபிள் மேல் தட்டில் பாதி, கீழ்த் தட்டில் பாதி என்று பிரிந்துவிடும், கழுவும் வேலையும் இரட்டிப்பு. எடுத்ததைத் தட்டையான தட்டில் வைத்தால் அதன் ஆவியிலேயே அடிப்பக்கம் நமத்துவிடும். கம்பி ஸ்டாண்ட் இல்லாவிட்டால் ஓட்டை உள்ள இட்லித் தட்டைக் கவிழ்த்து அதன் மேல் வைக்கலாம்.

மாவு கலக்கவும் நேரமில்லாத நாளில் ஃப்ரிட்ஜில் இருக்கும் இட்லி மாவே போதும். கெட்டியாக எடுத்து ஒரு தேக்கரண்டி எண்ணெய் கலந்து ஊற்றினால், வெளியே மொறுமொறுப்பும் உள்ளே இட்லியுமாக வரும். மைதா அளவுக்குச் சிவக்காது, இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகவும் பிடிக்கும். குழிகளில் இட்லிப் பொடியை நிரப்பி நல்லெண்ணெய் விட்டால் அங்கே ஆழம் குறைவாக இருப்பதே வசதி, எண்ணெய் அளவாக நிற்கிறது. சர்க்கரையும் பாலும் இல்லாத மாவு என்பதால் அன்றைக்குத் துணி ஒரு இழுப்போடு வேலை முடிந்துவிடும். அடை மாவு இன்னும் நன்றாக இருக்கும் என்கிறார்கள், எனக்கு அது ஒரு தடவை சரியாக வந்தது, இன்னொரு தடவை தட்டை விட்டு வர மறுத்தது.

வீட்டில் இரண்டு பேர் ஆனால்கூட என் கணக்கு ஆட்டம் காணும். ஆறு ஈடு சுடுவதற்குள் முதலில் சுட்டது ஆறிப்போகும், அப்போது பெரியதுதான் சரி. சின்னதில் தட்டின் பூச்சு எத்தனை வருடம் தாங்கும் என்பதை என்னுடையதை வைத்து இன்னும் சொல்ல முடியாது. இப்போதைக்குக் கீறல் இல்லை. உலோகக் கரண்டி எதையும் உள்ளே விடாமல் மரக்குச்சியால்தான் நெம்பி எடுக்கிறேன். அப்புறம், அமெரிக்காவிலிருந்து வருகிற உறவினரிடம் வாங்கி வரச் சொல்ல வேண்டாம். அங்கே 120 வோல்ட், நம் 230-இல் சொருகினால் முதல் வாஃபிளுக்கு முன்பே மிஷின் புகைந்துவிடும். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 220 முதல் 240 வோல்ட் என்று இருப்பதாகப் பார்த்து இங்கேயே வாங்குங்கள்.