பட விழாவில் ஸ்கின்கேர் விளம்பரம்: கிஃப்ட் லவுஞ்சா, மேக்கப் நாற்காலியா?

திரைப்பட விழாவில் நட்சத்திரங்களிடமும் பத்திரிகையாளர்களிடமும் ஒரு ஸ்கின்கேர் பொருளைக் கொண்டுசேர்க்க முக்கியமாக மூன்று வழிகள்: விழாவுக்கே ஸ்பான்சர் ஆவது, கிஃப்ட் லவுஞ்சில் மேசை போடுவது, மேக்கப் கலைஞர்கள் வழியாகப் போவது. சிறிய பிராண்டுகள் பெரும்பாலும் இரண்டாவதில்தான் காசைக் கொட்டுகின்றன. என் ஓட்டு மூன்றாவதுக்கு.

ஸ்பான்சர் விஷயம் சட்டென்று முடிந்துவிடும். பிரான்ஸில் நடக்கும் கான் திரைப்பட விழாவில் 1997 முதலே லோரியால் பாரிஸ் என்ற பெரிய அழகுசாதன பிராண்ட் அதிகாரப்பூர்வப் பங்குதாரர். தன் விளம்பர முகங்களான நடிகைகளையே சிவப்புக் கம்பளத்தில் நடக்கவைக்கிறது. அந்தப் பணத்தோடு நாம் மல்லுக்கட்ட முடியாது.

கிஃப்ட் லவுஞ்ச் என்றால், ஹோட்டல் அறையையோ வீட்டையோ எடுத்து வரிசையாக பிராண்டுகளை உட்காரவைப்பார்கள், மேசைக்குக் கட்டணம் உண்டு, நடிகர் வருவார், டப்பாவைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார், அடுத்த மேசைக்குப் போய்விடுவார், பை உதவியாளர் கைக்குப் போய்விடும். யார் வருவார்கள் என்பதற்குப் பெரும்பாலும் உத்தரவாதம் கிடையாது. கிடைப்பது அந்தப் படம் மட்டும்தான், அதையும் நடிகரின் அனுமதியில்லாமல் விளம்பரத்தில் போட்டால் வழக்கு வரலாம். அமெரிக்காவில் இப்படிக் கிடைக்கும் பொருள்களுக்கு வருமான வரியும் உண்டு. அந்தச் சிக்கலுக்குப் பிறகுதான் ஆஸ்கர் அகாதமி 2007 விழாவிலிருந்து தன் பரிசுக் கூடையையே நிறுத்தியது. ஆனால் ஒன்று, இடத்துக்கேற்ற பொருளாக இருந்தால் லவுஞ்சும் பலன் தரும். அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழா பல ஆண்டுகளாக நடந்த மலையூரான பார்க் சிட்டி சுமார் 7,000 அடி உயரம், ஜனவரிக் குளிர், காற்றில் ஈரமே இருக்காது. அங்கே லிப் பாம் கொடுத்தால் மேசையிலேயே திறந்து தடவிக்கொள்வார்கள்.

இப்போது மேக்கப் நாற்காலிக்கு வருவோம். தலைமுடி அலங்காரம் நடக்கும்போது கண்ணுக்குக் கீழே ஜெல் பேட்ச் ஒட்டி உட்காரவைக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் ஸ்கின்கேருக்கு உண்மையான மேடை, பொருள் முகத்தில் ஏறுவது அங்கேதான். ஆனால் கம்பளத்துக்குப் போகும் நாளில் புது க்ரீமை எந்தக் கலைஞரும் தொடமாட்டார், ஒரு அலர்ஜி வந்தாலும் அவர் பெயர் கெட்டுவிடும். அதனால் பல வாரங்கள் முன்பே, முழு அளவு பாட்டிலாக, மூலப்பொருள் பட்டியலோடு அனுப்புங்கள், வாசனை சேர்க்காததாக இருந்தால் இன்னும் நல்லது. மேலே ஃபவுண்டேஷன் போட்டால் க்ரீம் சின்னத் துணுக்குகளாக உருண்டு உருண்டு வருகிறதா, துத்தநாக ஆக்சைடு சன்ஸ்க்ரீன் என்றால் ஃப்ளாஷ் வெளிச்சத்தில் முகம் வெளுத்துத் தெரிகிறதா என்று நீங்களே முதலில் படமெடுத்துப் பாருங்கள். பிடித்துப்போனால், அன்றைய மேக்கப்பில் பயன்படுத்தியவை என்று அவர் இன்ஸ்டாகிராமில் போடும் பட்டியலில் உங்கள் பெயரும் வரும். ஆனால் பொருளை இலவசமாகக் கொடுத்திருந்தால் அதை அவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.சி.யின் விதி அது. முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

அப்புறம் பத்திரிகையாளர்கள். அழகுப் பகுதி எழுதுபவருக்கு ஏற்கெனவே க்ரீம் குவிந்து கிடக்கும், பல நிறுவனங்கள் பரிசு வாங்கவும் விடுவதில்லை. விலை, விற்பனைக்கு வரும் தேதி, முக்கிய மூலப்பொருளின் சதவீதம், அச்சுக்கு ஏற்ற தெளிவான படம், இவற்றை ஒரே பக்கத்தில் கொடுத்துவிட்டு, ஃபார்முலா உருவாக்கியவரோடு பத்து நிமிடம் பேசவும் ஏற்பாடு செய்யுங்கள். இதற்குச் செலவு மிகக் குறைவு, லவுஞ்ச் மேசைக்குக் கட்டணம் கட்டும் முன் இதை முடித்துவிடுங்கள்.