வெளிப்பக்கம் இரும்பு மாடிப்படி போடுபவர்கள் கவனத்துக்கு

மொட்டை மாடிக்கு வெளியிலிருந்து இரும்புப் படி போட நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். எங்கள் வீட்டுப் படியில் தடுக்கி விழுந்து அம்மாவுக்கு மணிக்கட்டில் எலும்பு விரிசல். மாவுக்கட்டோடு இருக்கிறார்.

வேலை எடுத்தவர் எங்கள் பகுதியில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். மாடி விளிம்பிலிருந்து டேப்பைத் தொங்கவிட்டு 126 அங்குலம் என்று குறித்துக்கொண்டார். கீழே இன்னும் டைல்ஸ் ஒட்டவில்லை, மேலே மொட்டை மாடித் தளத்துக்கான தட்டோடு (தட்டை ஓடு) பதிக்கவில்லை என்று சொன்னேன். "அதெல்லாம் நாங்க பார்த்துக்கிறோம் சார்" என்றார். 8 அங்குல உயரத்தில் 15 படி வைத்துவிட்டு, மிச்சம் 6 அங்குலத்தைக் கடைசி ஏற்றத்துக்கு, அதாவது மேல் படியிலிருந்து மாடிக்குக் கால் வைக்கும் உயரத்துக்குத் தள்ளிவிட்டார். ஏன் 8? படி குறைந்தால் தகடும் வெல்டிங் கூலியும் குறையும். மொத்தமாகப் பேசிய தொகை மட்டும் குறையாது.

அப்புறம் டைல்ஸ் வந்ததும் கீழே 2 அங்குலம் ஏறியது, தட்டோடு பதித்ததும் மேலே 4 அங்குலம் ஏறியது. இப்போது முதல் ஏற்றம் 6, நடுவில் எல்லாம் 8, கடைசி 10. படியேறும்போது யாரும் ஒவ்வொரு படியாகப் பார்த்துக் கால் வைப்பதில்லை. இரண்டு மூன்று படியிலேயே கால் அந்த உயரத்துக்குப் பழகிவிடும். துணி வாளியோடு ஏறிய அம்மாவுக்குக் கடைசி விளிம்பில் கால் தட்டியது அதனால்தான். பட்டறைக்காரரைக் கேட்டால், "டைல்ஸ் போட்டது நீங்க, அதுக்கு நான் என்ன பண்றது?" என்கிறார். சரிசெய்யத் தனியாகப் பணம் வேண்டுமாம்.

அளவு எடுக்க வேண்டிய முறை இதுதான். வேலை முடிந்த பின் கீழ்த்தரையும் மேல்தளமும் எங்கே நிற்குமோ அந்த உயரத்தை எடுக்க வேண்டும். எங்களுக்கு அது 126உடன் 4 கூட்டி 2 கழித்து, 128. அதைச் சம பங்காகப் பிரிக்க வேண்டும்: 18 ஏற்றம், ஒவ்வொன்றும் 7.1 அங்குலம், அதாவது சுமார் 181 மி.மீ. தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீடுகளுக்கு அனுமதிக்கும் உச்சம் 190. எங்கள் 8 அங்குலம் 203! மிதி, அதாவது கால் வைக்கும் தகட்டின் அகலம், குறைந்தது 250 மி.மீ. இருக்க வேண்டும். எங்களுக்கு வைத்தது 9 அங்குலம், 229தான். கடைசி ஏற்றம் மாடித் தளத்திலேயே முடிவதால் 18 ஏற்றத்துக்கு 17 மிதி. 10 அங்குலம் வீதம் 14 அடி 2 அங்குல நீளம் தேவை. இடம் போதாவிட்டால் நடுவில் லேண்டிங் கொடுத்துத் திருப்பச் சொல்லுங்கள். மிதியைச் சுருக்க விடாதீர்கள்.

இன்னொன்று, படி வந்து இறங்கும் இடம் மாடி விளிம்புக்கு நேர் கீழே இருக்காது, பல அடி தள்ளி இருக்கும். மழைத்தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்திருந்தால் அங்கே தரை தாழ்ந்திருக்கும். அந்த இடத்துக்கு டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) பிடித்து உயரம் எடுக்கச் சொல்லுங்கள். இந்தக் கணக்கு முழுவதையும் ஒரு தாளில் எழுதி வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கடைசிப் படியை மட்டும் உயர்த்திச் சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். அதை 1 அங்குலம் உயர்த்தினால் அதற்குக் கீழே உள்ள ஏற்றம் 9 ஆகிவிடும். படி எண்ணிக்கை மாறினால் படிகளைத் தாங்கும் பக்கச் சேனலின் (இருபுற இரும்புச் சட்டத்தின்) சாய்வும் மாறும். எங்களுக்கு இப்போது வேறொரு பட்டறைக்காரர் மொத்தத்தையும் கழற்றிப் புதிதாகச் செய்துகொண்டிருக்கிறார்.