ஃபைபர் போட்டு (படகு) ரிப்பேர்: ரேட்டு கம்மியான யார்டா, சுத்தமான யார்டா?

போன பங்குனில நம்ம போட்டுக்கு அடிப்பக்கம் புதுசா மேட்டு, அதாவது கண்ணாடி நார் விரிப்பு, போட வேண்டியிருந்துச்சு. ஏப்ரல் 15ல மீன்பிடி தடைக்காலம் ஆரம்பிச்சா 61 நாளைக்கு விசைப்படகு எல்லாம் மொத்தமா கரையேறிரும், அப்புறம் யார்டுல எடமும் கெடைக்காது ஆளும் கெடைக்காதுன்னு முன்னாடியே நாகப்பட்டினம் கடுவையாத்துக் கரையில ரெண்டு எடம் போய்ப் பார்த்தேன்.

முத எடம் ரேட்டு கம்மி, வீட்டுக்கும் பக்கம். அந்த மேஸ்திரி கைவேலை நல்லாருக்கும், அதுல நான் குறை சொல்ல மாட்டேன். ரெண்டாவது எடத்துல பன்னெண்டாயிரம் கூட கேட்டாங்க, நாலு நாள் கூடவும் ஆகும்னாங்க. நான் ரெண்டாவதுக்கே போனேன். மச்சான் வந்து "ஏன் மாப்ள, தரைய கூட்டி வச்சிருக்கான்னா பன்னெண்டாயிரம் கூட குடுக்குற?"ன்னு கேட்டான். ஆமா, அதுக்குதான் குடுத்தேன்.

ஏன்னா ஃபைபர் வேலைல உள்ள என்ன போட்டாங்கன்னு முடிஞ்சப்புறம் நம்ம கண்ணுக்குத் தெரியாது. மேல ஜெல்கோட்டு அடிச்சிட்டா எல்லா போட்டும் பளபளன்னுதான் இருக்கும். மூணு வருசம் முன்னாடி வேற ஒரு எடத்துல போட்ட லேயர் இந்தத் தடவ சுரண்டுறப்போ அப்பளம் மாதிரி கையோட பேந்து வந்துச்சு, அடியில ஒரு கை அளவுக்கு மணல், ஒட்டினபடி ஒரு பீடித்துண்டு. தூசி மேல ரெசின் (மேட்ட ஒட்டவைக்குற பிசின்) ஊத்துனா அது தூசியத்தான் புடிக்கும், பழைய ஃபைபர புடிக்காது. ஈரமும் அதே மாதிரிதான், நம்ம கடலோரக் காத்துல மேட்டு ரோல தரையில போட்டு வச்சா ராத்திரியே ஈரம் ஏறிரும், அதுல ரெசின் தடவுனா பால் மாதிரி வெள்ளையா நிக்கும், கொஞ்ச நாள்ல கொப்புளம் வரும், அதுக்குள்ள உப்புத்தண்ணி போகும்.

முத எடத்துல மேட்டு ரோலு கிரைண்டர் ஓடுற எடத்துக்குப் பக்கத்துலயே கெடந்துச்சு, ரெசின இறுக வைக்குற ஹார்டனர் கண்ணளவுதான். ஒரு கிலோ ரெசினுக்கு 10லேருந்து 20 மில்லி வரைக்கும்தான் கணக்கு, வெயிலுக்கு ஏத்த மாதிரி கூட்டிக் கொறைக்கணும், அத பழைய ரெசின் காஞ்சு ஒட்டிக்கிடக்குற டப்பாவுல ஊத்துனா எப்படி அளவு தெரியும்? ரெண்டாவது எடத்துல ரோலு பிளாஸ்டிக் சுத்தி பலகை மேல இருந்துச்சு. கிரைண்டிங் ஒரு கொட்டாய், மேட்டு போடுறது வேற கொட்டாய். ஹார்டனர் ஒரு பக்கம், ரெசின் சீக்கிரம் இறுக சேக்குற கோபால்ட் எதிர்ப்பக்கம், ஏன்னா அது ரெண்டும் நேரடியா கலந்தா வெடிச்சுரும். நான் நின்னு பாக்குறப்பவே ஒரு தம்பி அசிட்டோன் துணியால தொடச்சிட்டு, கையால தடவிப் பாத்துட்டு, திரும்பவும் தொடச்சான். எஞ்சின்லேருந்து கழட்டுன போல்ட்டெல்லாம் நம்ம போட்டு நம்பர் எழுதுன டப்பாவுல போட்டு வச்சிருந்தாங்க, எனக்கு மனசு நின்னது அதுலதான். போல்ட்டுக்கே இவ்ளோ பாக்குறவன் உள்ள போடுற லேயர்ல ஏமாத்த மாட்டான்னு தோணுச்சு. நடுவுல ஒரு நாள் மேகம் போட்டு காத்து ஈரமாச்சு, "இன்னிக்கு போட மாட்டோம்ணே"ன்னு தார்ப்பாய போத்திட்டு வேலைய நிறுத்திட்டாங்க. எனக்கு ஒரு நாள் தொழில் போச்சுதான், ஆனா கோவம் வரல.

விக்கிறப்போ வெல கூட கெடைக்குமான்னா உறுதியா சொல்ல முடியாது, நான் இன்னும் விக்கல. யார்டு பேர சொன்னா வாங்குறவங்க கொஞ்சம் நம்புறாங்க, அவ்ளோதான் பாத்திருக்கேன். மரப்படகு வச்சிருக்கவங்க இத அப்படியே எடுத்துக்காதீங்க, அந்த வேலை எனக்குப் பழக்கமில்ல. சின்ன ஒட்டு மட்டும்னா, கூட நின்னு பாத்துக்க ஆள் இருந்தா முத எடமே போதும்.

ஒரு மழைக்காலம் தாண்டியாச்சு. இந்த மாசில போட்ட ஏத்தி பாசி சுரண்டிட்டு அஞ்சு ரூபா காசால அடிப்பக்கம் முழுக்க தட்டிப் பாத்தேன், லேயர் விட்டிருந்தா அந்த எடம் சத்தம் மந்தமா கேக்கும். முன்பக்க அணியத்துலேருந்து எல்லா எடமும் கணீர்னு ஒரே சத்தம், எஞ்சின் மாட்டுற பலகைகிட்ட மட்டும் ஒரு உள்ளங்கை அளவு லேசா மாறுது. அது பழைய வேலையா இவங்க போட்டதான்னு தெரியல, சாக்பீஸால வட்டம் போட்டு வச்சிருக்கேன், திங்கக்கிழமை அவங்களையே கூட்டிட்டு வந்து காட்டணும்.