சுயமரியாதைத் திருமணம்: சாமி கும்பிடும் சொந்தபந்தத்தை வைத்துக்கொண்டு நடத்த முடியுமா?

மணமக்களுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. பெற்றோர் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய. இந்த வீட்டுக் கல்யாணத்துக்கு, புரோகிதரும் மதச் சடங்கும் இல்லாத சுயமரியாதைத் திருமண முறை தாராளமாக ஒத்துவரும். முறையில் கோளாறு கிடையாது. கோளாறு வருவது முதலில் மைக்கில், அடுத்தபடியாகக் காகித வேலையில்.

இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7-ஏ பிரிவுதான் இதற்கு ஆதாரம். 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் இப்படி நடந்த ஒரு திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அண்ணா முதல்வரான பிறகு 1967-இல் சட்டத்திருத்தம் நிறைவேறி, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் அதனாலேயே செல்லுபடியாயின. சட்டம் கேட்பது கொஞ்சம்தான். உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில் இருக்க வேண்டும். இருவருக்கும் புரிகிற மொழியில் ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாகச் சொல்லலாம், மாலை மாற்றலாம் அல்லது மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். இவற்றில் ஒன்று நடந்தால் போதும். புரோகிதர் வேண்டாம், அக்னி வேண்டாம், ஏழடி வைக்க வேண்டாம்.

கடவுளை மறுத்து உறுதி எடுக்கச் சொல்லும் வரி அந்தப் பிரிவில் எங்கேயும் இல்லை. பயப்படுகிற பெரியவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். மணமகளின் அப்பா திருநீறு பூசி மேடையில் நிற்கலாம். மணமகளே பொட்டு வைத்து, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டாலும் சட்டப்படி அது சுயமரியாதைத் திருமணம்தான்.

நிகழ்ச்சி பொதுவாக ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்பு, தலைமை ஏற்பவர் பேச்சு, உறுதிமொழி, மாலை மாற்றுதல், சாட்சிக் கையெழுத்து, வாழ்த்துரை, நன்றி, சாப்பாடு. உறுதிமொழி வாசகத்தை முன்கூட்டியே வாங்கிப் படித்துவிடுங்கள். சம உரிமை, இன்பதுன்பத்தில் பங்கு, நண்பர்களாக நடந்துகொள்வது என்று இரண்டு பேரும் ஒரே வாசகத்தைச் சொல்வதுதான் இதன் உயிர். ஐந்தாறு வரிக்கு மேல் போனால் மணமக்கள் திணறுவார்கள். வாசகத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்து இருவர் கையிலும் கொடுங்கள். ஒருவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்வது, புரியாத மந்திரத்தைத் திருப்பிச் சொல்கிற அதே பழக்கத்துக்குத்தான் கொண்டுபோய் விடும்.

நம்பிக்கை உள்ளவர்களையும் அசைத்துவிடுகிற ஓர் இடம் இந்த முறையில் இருக்கிறது. வழக்கமான கல்யாணத்தில் கணவனை இழந்த அம்மா மேடைக்கு வர மாட்டார். தாலியைத் தொட்டுக் கொடுக்கிற வரிசையில் அவரைச் சேர்க்க மாட்டார்கள். தூண் ஓரமாக நின்று பார்ப்பார். இங்கே மாலையை எடுத்து மகன் கையில் கொடுப்பவரே அவராக இருக்கலாம். அவர் தயங்குவார், பக்கத்தில் இருக்கும் பெரியம்மாவைப் பார்ப்பார். அதனால் முதல் நாளே அவரிடம் பேசி, மேடையில் நிற்க வேண்டிய இடத்தைக் காட்டி, தலைமை ஏற்பவரிடம் அவர் பெயரைக் கொடுத்து அழைக்கச் சொல்லுங்கள். காலமெல்லாம் விரதம் இருந்த பாட்டிகள்கூட அந்த நிமிடத்தில் முகம் சுளிப்பதில்லை. கடவுள் உண்டா இல்லையா என்று ஒரு மணி நேரம் வாதாடினாலும் இது கிடைக்காது.

இதையெல்லாம் கெடுப்பது பேச்சாளர்கள். மேடைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் மாலை போட்டு மலைக்குப் போகிறவர்கள், காவடி எடுக்கிறவர்கள். அவர்கள் முன்னால் புராணத்து ஆபாசங்களை எடுத்து விளாசுவதும், கும்பிடுகிறவனை முட்டாள் என்று ஒருமையில் பேசுவதும் துணிச்சல் ஆகாது. மணப்பெண்ணின் தாய்மாமன் எழுந்து பந்திக்குப் போய்விடுவார். அவர் பின்னால் நாலு வரிசை காலியாகும். நம்பாதவன் என்றாலே திமிர் பிடித்தவன் என்று அவர் ஏற்கெனவே நினைத்திருந்தது அன்றைக்கு உறுதிப்பட்டுவிடும். பெரியாரும் சைவ மடத்தின் தலைவரான குன்றக்குடி அடிகளாரும் கொள்கையில் எதிரெதிர்த் துருவம். ஆனாலும் ஒருவரை ஒருவர் மதித்தார்கள். அந்த மரபை மேடையில் ஏறுகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும். மதத்தின் பெயரால் பெண்ணுக்கும் சாதியின் பெயரால் மனிதருக்கும் நடந்த அநீதியைப் பேசட்டும், கடுமையாகவே பேசட்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் அத்தையைக் கேலி செய்யக் கூடாது.

தீர்வு எளிது. பேச்சாளர்கள் நாலு பேருக்கு மேல் வேண்டாம், ஆளுக்கு ஐந்து நிமிடம். உறுதிமொழியையும் மாலை மாற்றுதலையும் முதல் இருபது நிமிடத்துக்குள் முடித்துவிட்டு வாழ்த்துரையைப் பின்னால் தள்ளுங்கள். பேச்சுகளை முன்னால் வைத்தால் மணமக்கள் மாலை மாற்றும்போது கூட்டம் இலை முன்னால் இருக்கும். வாழ்த்துகிறவர்களில் ஒருவர் பக்தியுள்ள உறவினராக இருப்பது நல்லது. அவர் “ஆண்டவன் அருளால்” என்று சொன்னால் சொல்லட்டும், யாரும் மறுப்புரை ஆற்ற வேண்டாம்.

நேரம் குறித்து ஒரு வார்த்தை. ராகு காலத்தில்தான் வைப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை. ஞாயிறு காலை பத்து மணி எல்லோருக்கும் வசதி. அது யாருடைய நல்ல நேரத்தில் விழுந்தாலும் நமக்கு நஷ்டமில்லை. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வேண்டும் என்று பெற்றோர் கேட்டால் அவர்கள் வேறொரு நாளில் தனியாக வைக்கட்டும். அதை மண்டபத்துக்குள் கொண்டுவந்து, இதையும் கொஞ்சம் அதையும் கொஞ்சம் என்று கலந்தால் இரண்டு தரப்புக்குமே மனக்குறைதான் மிஞ்சும்.

அடுத்தது பதிவு. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-இன்படி திருமணம் நடந்த 90 நாளுக்குள் பதிய வேண்டும். கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் அவகாசம் உண்டு. கோயில் ரசீது எங்கே என்று கேட்கிற எழுத்தர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல அழைப்பிதழ், மண்டப ரசீது, மாலை மாற்றும்போது எடுத்த படம், நடத்திவைத்தவரும் சாட்சிகளும் தேதியோடு கையெழுத்திட்ட ஒப்பந்தத் தாள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் பெயரால்தான்: அழைப்பிதழில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் விரிவாக, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வேறு எழுத்து. அழைப்பிதழ் அச்சடிக்கும் முன்பே ஆதாரில் உள்ளபடி எழுதிவிட்டால் இந்த அலைச்சல் இல்லை.

மண்டபம், கூட்டம் எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது. ஊரறிய நடந்தால்தான் செல்லும் என்ற வாதத்தை 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வழக்கறிஞர்கள் நண்பர்கள் என்ற முறையில் முன்னின்று நடத்தலாம் என்றும் சொன்னது. வீட்டு எதிர்ப்புக்குப் பயந்து வரும் சாதி மறுப்பு இணையருக்கு இது பெரிய பாதுகாப்பு.

எல்லையும் உண்டு. 7-ஏ இரண்டு இந்துக்களுக்கு மட்டும். சட்டப்படி பௌத்தர், சமணர், சீக்கியரும் இதில் அடங்குவர். இந்துக் குடும்பத்தில் பிறந்த நாத்திகரையும் சட்டம் இந்துவாகவே கணக்கில் வைக்கிறது. பெங்களூரில் மண்டபம் பிடித்தால் தமிழ்நாட்டுத் திருத்தம் அங்கே உதவாது. கிறித்தவரையோ இஸ்லாமியரையோ மணப்பவர்கள் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போகலாம். இருவரில் ஒருவராவது அறிவிப்புக் கொடுக்கும் மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும்; அறிவிப்புக் கொடுத்து இன்னொரு 30 நாள் காத்திருக்க வேண்டும்; மூன்று சாட்சிகள் வேண்டும். அறிவிப்பு அலுவலகப் பலகையில் ஒட்டப்படும் என்பதால், வீட்டில் சொல்லாதவர்கள் எந்த மாவட்டத்தில் கொடுப்பது என்பதை யோசித்து, குடியிருப்புச் சான்றை முதலில் தயார் செய்துகொள்ள வேண்டும். அறிவிப்புக் கொடுத்து மூன்று மாதத்துக்குள் திருமணம் முடியாவிட்டால் மறுபடி முதலிலிருந்து அறிவிப்புக் கொடுக்க நேரும்.