வயதான குதிரைக்கு 'மூட்டு வாதம்' என்று ஊசி போடுபவர்களிடம் எச்சரிக்கை

18 வயதுப் பெண் குதிரை. முன்னங்கால் இரண்டையும் எட்டிப் போடாமல், கொதிக்கிற மணலில் நடப்பதுபோலக் குட்டைக் குட்டையாக வைத்து நடந்தது. வந்து பார்த்தவர் லாயத்து வாசலில் நின்றபடியே "வயசாச்சு, வாதம்" என்றார். இரண்டு முழங்காலிலும் டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி, ஒரு வாரத்துக்கு பினைல்பியூட்டசோன் என்ற வலி மாத்திரை, பெரிய தொகைக்கு ரசீது. நாலு நாள் தேறியது போலிருந்தது. மூன்றாம் வாரம் எழுந்து நிற்க முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்தால், இரண்டு குளம்புக்குள்ளும் எலும்பின் நுனி கீழ்நோக்கித் திரும்பியிருந்தது. அது லாமினைட்டிஸ், அதாவது குளம்புச் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைக்கும் திசுவின் அழற்சி. முழங்காலில் ஒரு கோளாறும் இல்லை.

குதிரையை வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: அவர் ஒரு தடவைகூடக் குளம்பைத் தொடவில்லை.

முன்னங்கால் நொண்டலில் பெரும்பகுதி குளம்பில்தான் தொடங்குகிறது. ஒரு கால் மட்டும் வலித்தால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும், நல்ல கால் படும்போது தாழும். இரண்டு காலும் சமமாக வலித்தால் இந்தத் தலையாட்டமே தெரியாது. நடை குறுகும், அவ்வளவுதான். கிழட்டு நடை என்று ஏமாறுவது இங்கேதான். தேய்ந்த மூட்டு என்றால் பெரும்பாலும் கொஞ்சம் நடந்ததும் இளகும். குளம்பு வலி அப்படியில்லை. கெட்டித் தரையிலும், சின்ன வட்டத்தில் திருப்பும்போதும் கூடும்.

கணு மூட்டின் பின்பக்கம், இரண்டு ஓரத்திலும் விரல் வைத்து நாடி பாருங்கள். ஆரோக்கியமான குதிரையில் தேடித்தான் பிடிக்க வேண்டும். விரலைத் தட்டுகிற மாதிரி துடித்தால் குளம்புக்குள் அழற்சி. அடுத்தது குளம்பை அழுத்திப் பார்க்கும் இடுக்கி: உள்ளங்குளம்பின் முன்பகுதியில் காலை இழுத்தால் லாமினைட்டிஸ் சந்தேகம், ஒரே புள்ளியில் இழுத்தால் சீழ்க்கட்டி, அல்லது தப்பாக இறங்கிய லாட ஆணி.

அதிலும் இடம் பிடிபடவில்லையென்றால் நரம்பை மரக்கச் செய்து பார்க்க வேண்டும், கீழிருந்து மேலாக. முதலில் குளம்பின் பின்பக்க நரம்புகளில் பக்கத்துக்கு 1.5 முதல் 2 மில்லி மெபிவக்கெய்ன் என்ற மரப்பு மருந்து. 5 முதல் 10 நிமிடம் கழித்து ஓட்டிப் பார்ப்பது. அப்போது அந்தக் காலின் நொண்டல் மறைந்து மறுகால் நொண்டத் தொடங்கினால் வலி இரண்டிலும் இருக்கிறது. ஆனால் லாமினைட்டிஸ் சந்தேகம் இருந்தால் மரக்கச் செய்து ஓட்டவே கூடாது. நேராக எக்ஸ்ரே: பக்கவாட்டுக் கோணம், குளம்பின் முன்சுவரில் ஒரு கம்பியை ஒட்டி. எலும்பின் முகம் அந்தக் கம்பிக்கு இணையாக இருக்க வேண்டும்.

ஸ்டீராய்டு விஷயம் தனியாகச் சொல்லியாக வேண்டும். 15 வயது தாண்டிய குதிரைகளில் பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறு சகஜம். உதிராத நீள முடி, முதுகில் வற்றிய தசை, கண்ணுக்கு மேல் உப்பிய கொழுப்பு, அதிகத் தண்ணீர் குடிப்பது எல்லாம் அதன் அடையாளம். இந்தக் குதிரைக்கு முதல் இரண்டும் கண்ணுக்குத் தெரிந்தே இருந்தன. இப்படிப்பட்ட உடம்பில் ஸ்டீராய்டு லாமினைட்டிஸைக் கிளப்பிவிடலாம், இருப்பதை மோசமாக்கலாம். ஊசிக்கு முன்பே ஏசிடிஎச் (பிட்யூட்டரி சுரக்கும் ஹார்மோன்), இன்சுலின் இரண்டுக்கும் ரத்தம் எடுத்திருக்க வேண்டும்.

வலி மாத்திரையிலும் கைவரிசை உண்டு. பினைல்பியூட்டசோன் முதல் நாள் கழிந்ததும் கிலோவுக்கு 2.2 மில்லிகிராம், அதாவது 450 கிலோ குதிரைக்கு வேளைக்கு ஏறத்தாழ 1 கிராம், நாளுக்கு இரண்டு வேளை. அதற்கு மேல் போனால் வயிற்றுப்புண், பெருங்குடல் அழற்சி, சிறுநீரகச் சேதம். விற்பனைக்கு முன் இதைக் கொடுத்து நொண்டலை மறைக்கும் தரகர்களும் இருக்கிறார்கள். வாங்கும் நாளில் ரத்தம் எடுத்து மருந்துச் சோதனைக்கு அனுப்புங்கள்.

லாமினைட்டிஸ் என்று தெரிந்த அன்றே தானியம், வெல்லம் இரண்டையும் நிறுத்துங்கள். நடக்க விடாதீர்கள். ஆழமான மரத்தூள் படுக்கை போட்டு, முதல் 48 முதல் 72 மணி நேரம் குளம்பும் கணுவும் மூழ்க இடைவிடாமல் ஐஸ் தண்ணீரில் வையுங்கள். மருத்துவர் வந்ததும் என்ன மருந்து, எத்தனை மில்லி, எந்த மூட்டில் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். அடுத்துப் பார்ப்பவருக்கு முதலில் தேவைப்படுவது அந்தத் தாள்.